மாதிரி வண்டியும் மறைந்த மனிதனும்

அலவத்துகொடையில் ஆசிரிய நண்பர் ஒருவரின் இல்லத்திலே, நூலடுக்கின் மேல் கைரிக்ஷாவின் மாதிரியுரு ஒன்றைக் கண்டோம். ஒரு சாண் உயரமே இருக்கும். பெரிய இரு சக்கரங்களும், மெல்லிய ஆரக்கால்களும், மடித்து விரிக்கும் மேற்கூரையும், பயணி கால்வைக்கும் பலகையும், முன்னே நீண்ட இரு தண்டுகளும் அசல் வண்டியின் அளவை எட்டில் ஒன்றாகக் குறைத்துச் செய்யப்பட்டிருந்தன. செய்த கைகளின் பொறுமையை வியந்தோம். சற்று நேரம் கழிந்த பின்னரே ஒன்று நம்மை உறுத்தியது: அத்தண்டுகளுக்கிடையே எவரும் இல்லை.

மரத்தையும் இரும்பையும் எட்டில் ஒன்றாகக் குறைக்கலாம். இழுப்பவனின் மூச்சிரைப்பை எவ்வாறு குறைப்பது? வெயிலில் கொதிக்கும் தெருவை மிதித்த வெறுங்காலுக்கு எந்த அளவுகோல் பொருந்தும்? அளவுக்குள் அடங்காததைக் கைவினைஞர் விட்டுவிட்டது குற்றமன்று. அவர் விட்ட இடத்தைப் பார்ப்பவராகிய நாம் நிரப்பாதிருப்போமாயின், அது நமது குற்றமேயாகும்.

இவ்வண்டியின் பெயரே ஒரு வரலாற்றைச் சொல்கிறது. 1869ஆம் ஆண்டளவில் ஜப்பானில் இது தோன்றியபோது ‘ஜின்ரிக்ஷா’ எனப்பட்டது. மனிதன், வலு, வண்டி என்னும் மூன்று சொற்களின் சேர்க்கை அது. ஆசிய நகரங்களெங்கும் வண்டி பரவப் பரவப் பெயர் ‘ரிக்ஷா’ எனக் குறுகிற்று. உதிர்ந்த ‘ஜின்’ எனும் முதற்சொல்லின் பொருள் யாது? மனிதன்! வலுவும் வண்டியும் எஞ்சின. மனிதன் சொல்லிலிருந்தே நீங்கினான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்புக்கு வந்த இவ்வண்டியைப் பெரும்பாலும் இழுத்தோர், பிழைப்புத் தேடித் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே என்பதை நாம் மறத்தலாகாது.

மனிதனை மனிதன் இழுக்க, அதில் ஏறி அமர்தல் தகுமா? மனச்சாட்சியுள்ளோர் பலரை வருத்திய வினா இது. காந்தியடிகள் ரிக்ஷாவில் ஏறுவதை என்றுமே விரும்பியவரல்லர். ஆயினும் 1897 ஜனவரி 13ஆம் நாள் டர்பன் நகரில் வெள்ளையர் கூட்டம் அவரைச் சூழ்ந்தபோது, உடன்வந்த நண்பர் ரிக்ஷா ஒன்றை அழைக்க, ஏறுவதற்கு அவரும் இசைந்தார். கூட்டத்தினரின் மிரட்டலுக்கு அஞ்சி வண்டிக்காரர் ஓடிவிட்டமையால் அப்பயணம் நிகழவில்லை. அத்தகையவரையே சூழ்நிலை இசையச் செய்ததெனில், தனிமனிதரின் தூய்மையை மட்டும் நம்பி இவ்வினாவை விட்டுவிட முடியுமா? நாம் ஏறினால் ஒருவனின் மாண்பு குறைகிறது; ஏறாவிடில் அவன் அடுப்பில் பூனை உறங்குகிறது. ஏற மறுப்பவர் தம் மனச்சுமையை இறக்கி வைக்கிறார். இழுப்பவனின் சுமையோ அப்படியே இருக்கிறது. வண்டியும் பெரும்பாலும் அவனுடையதன்று. நாள் வாடகை செலுத்திய பின் எஞ்சுவதே அவனது கூலி.

எனவே வினாவின் இருப்பிடம் பயணியின் ஆசனமன்று, உடைமையும் பிழைப்புமே. 1973இல் தமிழக அரசு கைரிக்ஷாவை ஒழித்தபோது, இழுத்தோருக்குச் சைக்கிள் ரிக்ஷாக்களை வழங்கியது. மிதிப்பதும் கடும் உழைப்பே. எனினும் தடை விதித்ததோடு அரசு நின்றுவிடவில்லை. 2006இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் கைரிக்ஷா ஒழிப்புக்கான திருத்தத்தை நிறைவேற்றியபோதோ, இழுப்பவர்களே எதிர்த்து நின்றனர். அடிமைத்தனத்தின் மீது அவர்களுக்குக் காதலா? அன்று. மறுநாட் சோற்றுக்கு வழி கேட்டனர். 2025 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்து மாத்தேரான் மலைநகரில் மனிதர் இழுக்கும் வண்டிகளை ஆறு மாதத்துள் நிறுத்துமாறு ஆணையிட்டபோது, இழுத்தோருக்கு மின் ரிக்ஷாக்கள் வழி மறுவாழ்வு அளிக்கவும் பணித்தது. மாண்பும் உணவும் சேர்ந்தே வரவேண்டும் என்பதே இம்மூன்று நிகழ்ச்சிகளும் உணர்த்தும் பாடம்.

நண்பரின் வீட்டு வாயிலில் கண்டி–மாத்தளைச் சாலை செல்கிறது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக அன்று கால்நடையாகவே கண்டிச்சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோரின் வழி இத்திசையிலேயே அமைந்திருந்தது. நோயாலும் பசியாலும் பலர் வழியிலேயே மாண்டனர். அவர்களுக்குப் பின் தேயிலை வந்தது. மாதிரியுருவை வியந்துகொண்டே நாம் அருந்திய தேநீர்க் கிண்ணத்திலும் ஓர் உழைப்பு மறைந்திருந்தது. கொழுந்து கிள்ளிய விரல்களை நாம் நினைக்கவில்லை. கைரிக்ஷா இங்கு வழக்கொழிந்திருக்கலாம். இழுப்பவரை மறந்து ஏறி அமரும் வழக்கம் ஒழிந்துவிட்டதா?

அம்மாதிரியுருவை அடுக்கிலிருந்து இறக்கி வகுப்பறை மேசைமேல் வைக்குமாறு நண்பரிடம் கூறினோம். அதன் அழகை மாணவர் இரசிக்கட்டும். பின்னர், இத்தண்டுகளுக்கிடையே நின்றவர் யார், அவருக்கு அன்று என்ன கூலி கிடைத்தது, இன்று அவ்விடத்தில் நிற்பவர் யார் என அவர்களிடம் கேட்கட்டும்.