யாரும் கேட்க விரும்பாத தீர்க்கதரிசனம்

வேதபாடம்: எரேமியா 28, 29 அதிகாரங்கள்



நம்முடைய வீடுகளில் அதிகமாகச் சுவரேறியிருக்கும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. கர்த்தர் தம்முடைய ஜனத்தைக்குறித்து நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் வசனம். புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது இந்த வசனம் வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அதற்கு முந்தின 10ஆம் வசனத்தை எந்த அட்டையிலாவது பார்த்திருக்கிறீர்களா? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறது அந்த வசனம். கடிதம் ஒன்று, எழுதினவர் ஒருவர், அடுத்தடுத்த இரண்டு வரிகள். நாம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினோம், மற்றதைத் தாண்டிப் போய்விட்டோம்.

நாம் தாண்டிப் போன அந்த வசனத்தில்தான் இன்றைய செய்தி இருக்கிறது. வேதாகமத்தில் நிறைவேறின தீர்க்கதரிசனங்கள் நம்முடைய விசுவாசத்துக்கு ஆதாரம் என்று பலமுறை கேட்டிருக்கிறோம். எத்தனை நிறைவேறின என்று பட்டியல் போடுவதைவிட, நிறைவேறினவை எப்படிப்பட்டவை என்று இன்றைக்குப் பார்ப்போம்.

ஒரே ஆலயத்தில் இரண்டு தீர்க்கதரிசிகள்

கிறிஸ்துவுக்கு முன் 597ஆம் ஆண்டு நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இளம் ராஜாவையும் பிரபுக்களையும் கைத்தொழிலாளரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஆலயத்துப் பணிமுட்டுகளையும் எடுத்துக்கொண்டான். வேதம் சொல்லும் இந்த முற்றுகையைப் பாபிலோனியரே ஒரு களிமண் பலகையில் எழுதிவைத்தார்கள். அது இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இது நடந்து சில வருஷங்களுக்குள் எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள். ஒருவன் கிபியோன் ஊரானாகிய அனனியா. மற்றவர் கழுத்தில் மர நுகத்தோடு நின்ற எரேமியா. பாபிலோனின் நுகத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்பதற்கு அடையாளமாக அதைச் சுமந்துகொண்டிருந்தார்.

அனனியா கர்த்தரின் பேராலே பேசினான். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், பணிமுட்டுகள் திரும்பி வரும், சிறைப்பட்டுப் போனவர்கள் வீடு வந்து சேருவார்கள் என்றான். எந்தத் தாய்க்கு அது இனிக்காது? மகனைப் பறிகொடுத்த வீடுகள் அந்த நகரத்தில் எத்தனை இருந்திருக்கும்!

அதற்கு எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? முதலில் 'ஆமென்' என்றார். நீ சொன்னபடியே கர்த்தர் செய்வாராக என்றார். அதில் கிண்டல் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மனுஷனுக்கும் அதே ஆசைதான். பிறகு ஒரு பழைய அளவுகோலை நினைப்பூட்டினார்: சமாதானம் வரும் என்று சொல்லுகிற தீர்க்கதரிசியைக் கர்த்தர் அனுப்பினாரா என்பது, அவன் வார்த்தை நிறைவேறும்போது விளங்கும். உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசே கொடுத்த சோதனையும் இதுவே. கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லுகிற தேவனல்ல நம் தேவன். காத்திருந்து பார், நடந்ததா என்று கேள் என்கிறார்.

அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போனார். அன்றைக்குக் கூட்டத்தில் ஜெயித்தது யார் என்று ஊரில் கேட்டிருந்தால் எல்லாரும் அனனியாவைத்தான் காட்டியிருப்பார்கள். பின்பு கர்த்தருடைய வார்த்தை எரேமியாவுக்கு வந்தது: மர நுகம் உடைந்தது, அதற்குப் பதிலாக இருப்பு நுகம் வரும். அந்த வருஷம் ஏழாம் மாதத்தில் அனனியா மரித்துப்போனான்.

எழுபது வருஷம் என்றால் என்ன?

பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம்தான் 29ஆம் அதிகாரம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். நாளைக்கே ஊருக்குப் புறப்படலாம் என்று மூட்டையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் கடிதம் எப்படி இருந்திருக்கும்? அங்கிருந்த செமாயா என்பவன், நெடுங்காலம் ஆகும் என்று எழுதுகிற இந்த மனுஷனை ஏன் தொழுவில் அடைக்கவில்லை என்று எருசலேமின் ஆசாரியனுக்குக் கோபமாகப் பதில் அனுப்பினான். எழுபது வருஷம் என்றால் கணக்கு எளிது. கடிதத்தைப் படித்த பெரியவர்களில் யாரும் ஊர் திரும்பமாட்டார்கள்.

என்ன நடந்தது? 586இல் எருசலேமும் ஆலயமும் தீக்கிரையாயின. 539இல் பாபிலோன் பெர்சிய ராஜாவாகிய கோரேசின் கையில் விழுந்தது. அடுத்த வருஷம் யூதர் திரும்பிப் போகலாம் என்று கட்டளை பிறந்தது. எரேமியா 25ஆம் அதிகாரம் சொல்லும் எழுபது வருஷம், ஜாதிகள் பாபிலோன் ராஜாவைச் சேவிக்கும் காலம். அசீரியாவின் கடைசிப் பிடியும் தளர்ந்து பாபிலோன் தலையெடுத்த 609இலிருந்து எண்ணினால் 539இல் எழுபது. ஆலயம் இடிந்த 586இலிருந்து எண்ணினால், அது மறுபடி கட்டி முடிந்த 516இல் எழுபது. முதல் சிறையிருப்பாகிய 605இலிருந்து எண்ணினால் கொஞ்சம் குறையும். அறிஞர்கள் இதைப்பற்றி வாதிடுவார்கள், வாதிடட்டும். அனனியாவின் இரண்டு வருஷத்தை எந்தக் கணக்கிலும் காப்பாற்ற முடியாது.

1879இல் பாபிலோனின் இடிபாடுகளில் பீப்பாய் வடிவக் களிமண் உருளை ஒன்று கிடைத்தது. சிறைப்பட்ட ஜனங்களைத் தங்கள் இடங்களுக்கு அனுப்பியதையும், தேவர்களின் சிலைகளை அவற்றின் கோவில்களில் திரும்ப வைத்ததையும் கோரேஸ் அதில் பெருமையாகச் சொல்லுகிறான். எருசலேமின் பெயர் அதில் இல்லை. இருப்பதாகச் சொல்லி யாரும் உங்களை உற்சாகப்படுத்த வேண்டாம். ஆனால் எஸ்றா புத்தகம் காட்டும் கோரேசும் இந்த உருளையின் கோரேசும் ஒரே கொள்கையுள்ள ராஜாதான் என்பது தெளிவாகிறது.

அந்தப் பணிமுட்டுகள் என்னவாயின? எஸ்றா முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். பொன்னும் வெள்ளியுமாக 5,400 எண்ணிக் கொடுக்கப்பட்டன. அடுத்த அதிகாரம் ஊர் வாரியாக வெறும் பெயர்ப் பட்டியல். நாம் வேகமாகப் புரட்டிவிடுகிற பக்கம். அதில் 23ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். அவரைக் கொன்றுபோடப் பார்த்த ஊரும் அதுதான். பாபிலோன் படை நகரத்தைச் சூழ்ந்திருந்த நாளில், காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தபடியே, பதினேழு சேக்கல் வெள்ளி கொடுத்து ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்கினார் எரேமியா. பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எதிரியின் பாளயம் இறங்கியிருக்கும் மண்ணை யார் விலைக்கு வாங்குவார்? இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலமும் வீடும் வாங்குவார்கள் என்று கர்த்தர் சொல்லியிருந்தார். 128 பேர் அந்த ஊருக்குத் திரும்பினார்கள்.

ஆசையில் பிறந்ததல்ல

இங்கே ஒரு கேள்வி வரும். பாபிலோன் ஜெயிக்கும் என்று அரசியல் தெரிந்த எவனும் கணித்திருக்கலாமே? கணித்திருக்கலாம். ஆனால் விழுந்த ஜனம் திரும்பி எழும் என்று யார் கணிப்பார்? அதே தேசத்தின் வடபாதியை 722இல் அசீரியர் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். அந்த ராஜ்யம் மறுபடி எழும்பவே இல்லை. அந்தக் காலத்தில் வழக்கமான முடிவு அதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனுஷன் தன் மனதிலிருந்து பேசினால் தன் ஆசையைப் பேசுவான், அல்லது கேட்கிறவர்களின் ஆசையைப் பேசுவான். எரேமியாவின் வார்த்தை இரண்டிலும் சேராது. அந்த ஆபத்துநாளை நான் விரும்பவில்லை என்று 17ஆம் அதிகாரத்தில் அவரே கர்த்தரிடம் சொல்லுகிறார். ராஜா அவருடைய சுருளைக் கத்தியால் அறுத்துக் கணப்பில் எறிந்தான். பிரபுக்கள் அவரைச் சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். ஜனங்கள் வெறுத்தார்கள். எவருடைய விருப்பத்திலும் பிறக்காத ஒரு வார்த்தை சரித்திரத்தில் நிறைவேறியது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

யாரும் எதிர்பார்க்காத மேசியா

பிரியமானவர்களே, இதே கேள்வியோடு ஏசாயா 53க்கு வாருங்கள். அழகும் சவுந்தரியமும் இல்லாத ஒரு தாசன். அசட்டைபண்ணப்பட்டவன். மற்றவர்களின் அக்கிரமத்துக்காக நொறுக்கப்படுகிறவன். வாய் திறவாதவன். அக்கிரமக்காரரோடு எண்ணப்பட்டு, மரணத்தில் ஐசுவரியவானோடு சேர்க்கப்படுகிறவன். அதற்கும் பின்னாலே தன் ஆத்தும வருத்தத்தின் பலனைக் கண்டு திருப்தியாகிறவன்.

இது இயேசுவுக்குப் பிறகு எழுதிச் சேர்க்கப்பட்டதோ என்று யாராவது கேட்டால் பதில் இருக்கிறது. 1947இல் சவக்கடலோரம் கும்ரான் குகையில் ஆடு மேய்க்கிறவர்கள் கண்டெடுத்த தோல் சுருள்களில் ஏசாயாவின் சுருளும் ஒன்று. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரங்களும் அதில் இருக்கின்றன. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே அது எழுதப்பட்டதாக ஆய்வாளர் மதிப்பிடுகிறார்கள். இன்று எருசலேமின் மியூசியத்தில் இருக்கிறது. பெத்லகேமில் பிள்ளை பிறக்கு முன்பே 53ஆம் அதிகாரம் அந்தச் சுருளில் இருந்தது.

யூத அறிஞர் பலர் அந்தத் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்று விளக்கம் சொல்லுவார்கள். அதை மரியாதையோடு கேட்க வேண்டும். அந்த ஜனம் பட்ட பாடு அப்படிப்பட்டது. ஆனால் அந்தத் தாசன் 'என் ஜனத்தின்' மீறுதலுக்காக வாதிக்கப்படுகிறான் என்கிறது 8ஆம் வசனம். ஜனமும் தாசனும் அங்கே இரண்டாக நிற்பதாகவே நான் வாசிக்கிறேன்.

ஒருவர் தன்னை மேசியாவாகக் காட்ட நினைத்தால் சில காரியங்களைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம். கழுதைக்குட்டியின்மேல் ஏறி எருசலேமுக்குள் வரலாம். பிலாத்துவின் முன் மவுனமாகவும் நிற்கலாம். ஆனால் தன்னுடைய பக்கத்துச் சிலுவைகளில் யாரை அறைய வேண்டும் என்று கைதி தீர்மானிக்க முடியாது. எந்தக் கல்லறையில் தன்னை வைக்க வேண்டும் என்று செத்தவன் கட்டளையிட முடியாது. அரிமத்தியா ஊர் யோசேப்பு ஐசுவரியவான். தனக்கென்று வெட்டின கல்லறையைக் கொடுத்தார்.

சீஷர்களாவது இதை விரும்பினார்களா? பாடுபட வேண்டும் என்று இயேசு சொன்னபோது அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொண்டவன் பேதுரு. எம்மாவுக்குப் போன இருவர், இஸ்ரவேலை மீட்பவர் இவரே என்று நம்பியிருந்தோமே என்று துக்கமுகமாய்ச் சொன்னார்கள். சிலுவையில் தொங்கும் மேசியா அவர்களுடைய கனவிலும் இல்லை. ஆசையிலே கட்டின கதையாக இருந்தால் ரோமரை விரட்டுகிற ஒரு ராஜாவைக் கட்டியிருப்பார்கள். பிலாத்துவின் காலத்தில் அவருக்கு மரண தண்டனை நடந்ததை விசுவாசியல்லாத ரோம சரித்திரக்காரன் டாசிடஸும் எழுதியிருக்கிறான்.

காசாவுக்குப் போகிற வழியில் இரதத்தில் உட்கார்ந்து இந்தப் பகுதியை வாசித்த எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் கேட்டது சரியான கேள்வி: தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார், தம்மையா, வேறொருவரையா? பிலிப்பு அந்த வேதவாக்கியத்திலிருந்தே தொடங்கி இயேசுவை அறிவித்தார்.

கண்ணீரோடு சொன்னவர்

இயேசுவும் ஒரு தீர்க்கதரிசனம் சொன்னார். சீஷர்கள் ஆலயத்தின் பெரிய கற்களைக் காட்டி வியந்தபோது, ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்றார். கி.பி. 70இல் தீத்துவின் ரோமப் படை ஆலயத்தை அழித்தது. அங்கிருந்து எடுத்துப்போன குத்துவிளக்கின் சிற்பம் ரோமாபுரியில் தீத்துவின் வளைவில் இன்றும் இருக்கிறது. மேலிருந்து தள்ளப்பட்ட கற்கள் மேற்கு மதிலடியில் பழைய தெருவின்மேல் கிடக்கின்றன. லூக்கா 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: அந்த நகரத்தின் அழிவைச் சொல்லும்போது அவர் அழுதார். அவர் வார்த்தை நிறைவேறியதைச் சொல்லி யூத ஜனத்தைப் பழிக்கிறவன், அழுத ஆண்டவரை இன்னும் அறியவில்லை.

நமக்கு என்ன?

இன்றைக்கும் தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்களுக்குக் குறைவில்லை. இந்த மாதத்துக்குள் வேலை, இந்த வருஷத்துக்குள் வீடு, விசா, கலியாணம் என்கிறார்கள். சொன்னது நடக்காதபோது விசுவாசம் போதாது என்று கேட்டவன் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள். எரேமியாவின் அளவுகோலைக் கையில் எடுங்கள். நடந்ததா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது அவிசுவாசமல்ல, வேதம் கற்றுக்கொடுத்த கேள்வி அது. என் மனதுக்கு இனிக்கிறதையே ஒருவர் எப்போதும் சொல்லுகிறாரா என்றும் கேளுங்கள்.

நிறைவேறின தீர்க்கதரிசனம் வாதத்தில் ஜெயிப்பதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல. பாபிலோனிலிருந்த அந்தப் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். வாக்கு நிறைவேறும் நாளை அவர்கள் காணமாட்டார்கள். ஆனாலும் வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள், பேரப்பிள்ளைகளுக்கு எருசலேமின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னதைச் செய்கிறவர் என்று தெரிந்தவன்தான் அப்படிக் காத்திருப்பான். மீண்டும் வருவேன் என்று சொல்லிப் போன ஆண்டவருக்கு நாமும் காத்திருக்கிறோம். முன்பு சொன்னவை நடந்திருக்கின்றன. ஆகையால் நாள் குறிக்காமல், பயப்படாமல், இருக்கிற ஊரின் நன்மைக்காக உழைத்துக்கொண்டே காத்திருப்போம்.

இன்று வீட்டுக்குப் போனதும் 11ஆம் வசனத்தோடு 10ஆம் வசனத்தையும் குடும்பமாகச் சத்தமாக வாசியுங்கள்.

ஜெபிப்போம். எங்கள் பிதாவே, எங்களுக்கு இனிப்பானதை மாத்திரம் தேடின எங்கள் செவிகளைச் சுத்திகரியும். எங்களுக்காக நொறுக்கப்பட்ட தாசனைக் காணக் கண்களைத் திறந்தருளும். நீர் குறித்த காலம் நீளமானாலும் அதற்குள் உண்மையாய் வாழக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.