ஜன்னலில் ஒட்டிய படம்

1993 டிசம்பர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊர். ஹனுக்கா பண்டிகைக்காக ஒரு யூத வீட்டின் ஜன்னலில் மெனோரா என்னும் கிளைவிளக்கின் படம் ஒட்டியிருந்தது. இரவில் எவனோ வீசிய கான்கிரீட் துண்டு, கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஐந்து வயதுச் சிறுவனின் அறைக்குள் விழுந்தது. நல்லவேளை, பிள்ளை அப்போது அங்கே இல்லை.

படத்தை எடுத்துவிடுவதே நல்லது என்று அந்தக் குடும்பத்துக்கு அறிவுரை வந்தது. அடிபட்டவரையே ஒதுங்கிப் போகச் சொல்லும் இந்த வழக்கம் எந்த ஊரில்தான் இல்லை? பில்லிங்ஸ் மக்கள் அதை ஏற்கவில்லை. உள்ளூர் நாளிதழான பில்லிங்ஸ் கெஜட் மெனோரா படத்தை முழுப் பக்கத்தில் அச்சிட்டது. யூதர்கள் மிகச் சிலரே வாழ்ந்த அந்த ஊரில், ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ வீடுகளின் ஜன்னல்களில் அந்தப் படம் ஏறியது. அவற்றிலும் சில கண்ணாடிகள் நொறுங்கின. ஆனாலும் படங்கள் கூடிக்கொண்டே போயின.

அதே ஆண்டு, அங்கே ஒரு பழங்குடிக் குடும்பத்தின் வீட்டுச் சுவரில் நாஜிச் சின்னத்தைக் கிறுக்கியிருந்தார்கள். பெயின்டர்கள் சங்கத்தினர் திரண்டு வந்து, கூலி வாங்காமல் வீட்டுக்கு வர்ணம் அடித்துக் கொடுத்தார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. தங்களுக்குத் தெரிந்த வேலையைக் கொண்டே பதில் சொல்லிவிட்டார்கள்.

அப்படிப் பதில் சொல்லும் வாய்ப்பு நமக்கும் வரும். யூதர்கள் உலகையே ஆட்டிவைக்கிறார்கள் என்றொரு வாட்ஸ்அப் செய்தி நாளை உங்கள் குடும்பக் குழுவுக்கு வரலாம். பேசாமல் நகர்ந்துவிடாதீர்கள். “இது பொய், இப்படி எழுதாதீங்க” என்று அங்கேயே எழுதுங்கள்.