புதுப் பெயர் என்றால் போலியா?

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் இருந்த ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள். லயத்து ஜனங்கள் ஈப்போ, புந்தோங், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. கும்பாபிஷேகத்துக்குப் பணம் திரட்ட ஒரு வலைத்தளம் வேண்டும் என்று தலைவர் என்னைக் கூப்பிட்டார். இன்ஜினியரிங் படிக்கிற பையன் என்றால் கோயில் மைக் செட்டிலிருந்து எல்லாமே நம்ம தலையில்தான். பெயரைப் பதிந்தேன், பக்கத்தை முடித்தேன், பழைய தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம்.

ரெண்டு நாளில் ஜொகூர் பெரியம்மா போன் பண்ணினார். "ஏன் தம்பி, நம்ம கோயில் பேர்ல எவனோ திருட்டு வெப்சைட் போட்டிருக்கானாமே?"

அவர் மகன் அந்த லிங்கைத் தன் ஏஐ உதவியாளரிடம் கொடுத்துக் கேட்டிருக்கிறான். 'இந்தப் பெயர் பதிவாகி ஒன்பது நாள்தான் ஆகிறது, நன்கொடை கேட்கிறது, மோசடியாக இருக்கலாம், பணம் அனுப்ப வேண்டாம்' என்று பதில். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவிலும் போட்டுவிட்டான். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு காசு வரவில்லை.

எனக்குக் கோபம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம்.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2023இல் ஒரு போலித் தளத்தின்மேல் புகார் கொடுத்தது. அதற்கு முன்பே 40 போலித் தளங்கள்மேல் வழக்கு இருந்தது, இது 41ஆவது. உண்மையான முகவரியில் புள்ளி இருந்த இடத்தில் போலியில் சின்னக் கோடு, கடைசியில் 'டாட் இன்' போய் 'டாட் ஆர்க்'. ஏழுமலையான் தரிசனத்துக்கு அவசரமாக டிக்கெட் தேடுகிறவருக்கு இது கண்ணில் படுமா? இப்படிப்பட்ட தளங்கள் பெரும்பாலும் திடீரென்று முளைத்து, வசூல் முடிந்ததும் காணாமல் போகிறவை. பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் புதிதாகப் பதிவான பெயர்களை ஆராய்ந்து, 70 விழுக்காட்டுக்கும் மேல் கெட்டவை, சந்தேகத்துக்குரியவை அல்லது அலுவலகத்தில் திறக்கத் தகாதவை என்று சொன்னது. அவர்கள் 'புதியது' என்று எடுத்துக்கொண்டது 32 நாள். எங்கள் அம்மனுக்கு அப்போது ஒன்பது நாள் வயசு.

இந்தப் பெயர்ப் பட்டியலை ஏஐ எப்படிப் பார்க்கிறது? 'டாட் காம்' போன்ற பெயர்களின் முழுப் பட்டியலை ஐகான் அமைப்பின் வழியாக விண்ணப்பித்துத் தினமும் வாங்கலாம். டாட் காமில் மட்டும் 15 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள். நேற்றைய பட்டியலையும் இன்றையதையும் வைத்து ஒப்பிட்டால் ராத்திரி பிறந்த பெயர்கள் தெரிந்துவிடும். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள் என்று தாத்தா சொல்வார், கிட்டத்தட்ட அதே வேலை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி மாதிரியான பொது முறைகள் வந்தபிறகு, இதை ஒரு கருவியாக ஏஐ கையில் கொடுப்பது ஒரு மாணவன் வார இறுதியில் செய்துவிடக்கூடிய காரியம். நானும் செய்து பார்த்தேன்.

செய்தபிறகுதான் பயம் வந்தது. 'மாரியம்மன்' என்று தேடச் சொன்னேன். நம்ம சாமி பெயர்களுக்கு ஆங்கில எழுத்தில் ஒரே எழுத்துமுறை கிடையாது. ஒரு 'ஒய்' போட்டு எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள், கோயிலில் 'கே' வரும், 'வி' வரும், சிலருக்கு 'ஓ' ரெண்டு. போலிக்காரனுக்கு இது எவ்வளவு வசதி! இன்றைக்கு எந்தக் கோயில் புதுசாகப் பெயர் பதிந்திருக்கிறது என்று பார்த்து, நாளைக்கே பக்கத்து எழுத்துப் பெயரை அவன் வாங்கிவிடலாம். பெரியம்மா மகனைக் காப்பாற்றுகிற அதே கருவிதான் திருடனுக்கும் வழிகாட்டுகிறது.

அதற்காகக் கருவியே வேண்டாம் என்று சொல்வேனா? மாட்டேன். பட்டியல் ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது. ஏமாறுகிற பக்கம்தான் இவ்வளவு நாளும் வெறுங்கையோடு நின்றது.

என் சண்டை அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான். சமய வகுப்பில் அளவை பற்றிப் படித்திருப்போம்: காட்சி, கருதல், உரை. புகையைப் பார்த்து நெருப்பு உண்டு என்று அறிவது கருதல் அளவை. ஆனால் நெருப்பைப் பார்த்துப் புகை உண்டு என்று சொல்ல முடியாது, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. போலிகள் பெரும்பாலும் புதியவை என்பது சரி. அதனால் புதியது போலி என்பது தலைகீழ். ஒன்பது நாள் என்பது காட்சி. மோசடியாக இருக்கலாம் என்பதுகூடக் கருதல் என்று விட்டுவிடலாம். 'அனுப்ப வேண்டாம்' என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்ல அதனிடம் ஒரு தேதியைத் தவிர என்ன இருந்தது?

தேதியை வைத்து ஆளை எடைபோடுவது என்றால் நம்மவர்களுக்குச் சுருக்கென்று படும். இந்த நாட்டிலேயே பிறந்தும், பிறப்பைக் காலத்தில் பதியாமல் போனதால் நீல ஐசி இல்லாமல் திண்டாடியவர்கள் எத்தனை பேர்! 2011இல் மைடஃப்தார் என்று ஓர் இயக்கமே நடத்த வேண்டி வந்தது. தாமதமானது தாள், ஆள் இல்லை.

இதிலும் பெரியவர்களுக்குக் குடை இருக்கிறது. திருப்பதி தேவஸ்தானம் 2024 ஜனவரியில் தன் முகவரியையே மாற்றியது. ஆனால் அது ஆந்திர அரசின் பழைய பெயருக்குக் கீழே இருப்பதால் எந்தக் கருவிக்கும் அது புதுப் பெயராகத் தெரியாது. எங்களுக்கு 'ஆர்க் டாட் எம்ஒய்' வாங்கப் பதிவுப் பத்திரம் வேண்டும். கோயில் பத்திரத்தில் இன்னும் இல்லாத தோட்டத்தின் முகவரிதான் இருக்கிறது. அதனால்தான் டாட் காம்.

நான் எழுதிய கருவியை இப்போது மாற்றிவிட்டேன். பெயர் பதிவான நாளைச் சொல்லும். அதோடு, பணம் போகிற வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், கோயிலில் தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள், ஏற்கெனவே அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 997க்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லும். நல்லது கெட்டது என்று சொல்லாது. என் நண்பன் இதைக் கேட்டு, "அப்போ அவசரத்துல இருக்கிற கிழவிக்கு இது போதுமாடா?" என்றான். போதாதுதான் என்று நினைக்கிறேன். பெரியம்மாவுக்கு எச்சரிக்கை நேராக இருக்க வேண்டும், கோயிலுக்கு அது நியாயமாக இருக்க வேண்டும். ரெண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

பெரியம்மா ஏஐயிடம் மறுபடி கேட்கவில்லை. நேராகப் பொருளாளருக்குப் போன் போட்டார். குரல் தெரிந்த ஆள், சின்ன வயசில் ஒரே லயம். முக்கால் மணி நேரம் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பேசிவிட்டு, 50 ரிங்கிட் அனுப்பினார். வலைத்தளத்தில் இல்லை, தைப்பூசத்துக்கு ஈப்போ வந்த ஒருத்தரிடம் கையில் கொடுத்து.