சூளைக்குள் மாறுவது எது?

பச்சைப் பானை கறுத்த நிறத்தில் சூளைக்குள் போகிறது. சிவந்து வெளியே வருகிறது. மாறியது பானையா, பானையை ஆக்கிய பரமாணுக்களா? இந்தியத் தத்துவ மரபுகளைச் சேர்ந்த வைசேடிகரும் நையாயிகரும் பல நூற்றாண்டுகள் மோதிக்கொண்ட கேள்வி இது. வைசேடிகர் சொன்ன விடை துணிச்சலானது. நெருப்புப் பட்டதும் பானை பரமாணு வரை சிதைகிறது. பரமாணுக்கள் நிறம் மாறுகின்றன. அவை மீண்டும் கூட, வேறொரு பானை பிறக்கிறது. கண்ணுக்கு எட்டாத வேகத்தில் எல்லாம் நடந்து முடிகிறது. இதற்குப் பீலுபாக வாதம் என்று பெயர். நையாயிகர் இதை ஏற்கவில்லை. பானையில் நுண்துளைகள் உண்டு, அவற்றின் வழியே வெப்பம் உட்புகுகிறது, பானை குலையாமல் முழுதாகவே நிறம் மாறுகிறது என்றார்கள். வைத்த பானையைத்தானே எடுக்கிறோம்? இது பிடரபாக வாதம். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் தம் தருக்க சங்கிரகத்துக்குத் தாமே எழுதிய தீபிகையில் இவ்விரண்டையும் எடுத்துரைத்தார். அந்நூலை 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

இது வெறும் நிறத்தைப் பற்றிய சண்டை அல்ல. சிதைந்த பரமாணுக்களைத் திரும்ப அதே வடிவில் கூட்டுவது எது என்ற கேள்வி உடனே எழுகிறது. உயிர்களின் வினைப்பயனான அதிருஷ்டத்தை வைசேடிகர் காரணமாகக் காட்டினார்கள். பானை சிவப்பதற்குள் கன்மமும் வந்து சேர்ந்தது.

மண்பானையைவிடக் கூர்மையான சாட்சி ஒன்று இன்று இருக்கிறது. அலுமினியத் தூளில் சிலிக்கான் கார்பைடு துகள்களைக் கலந்து, அச்சில் அழுத்தி, 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுட்டெடுக்கும் கலப்புப் பொருள் அது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். ஆகவே உருகி ஓடாமலே தூள் கட்டியாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு அலுமினியத் துகளையும் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு தோல் போர்த்தியிருக்கிறது. அந்தத் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அது இருக்கும்வரை உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ள முடியாது. சிறிதளவு மெக்னீசியம் சேர்த்தால் அது ஆக்சைடோடு வினைபுரிந்து தோலைக் கிழிக்கிறது. சுட்ட கட்டியை அச்சுத் துளை வழியே பிதுக்கித் தள்ளும்போதும் தோல் உடைகிறது. அதன் பிறகுதான் அணுக்கள் எல்லை தாண்டி நகர்கின்றன, துகள்களுக்கிடையே கழுத்துகள் தடிக்கின்றன, துளைகள் சுருங்குகின்றன. கட்டியோ ஒரு கணமும் கட்டியாக இல்லாமல் போவதில்லை.

துளைகள் விஷயத்திலும் பொருள் குலையாமல் நிற்பதிலும் நையாயிகர் சொன்னது சரி. மாற்றம் மிக நுண்ணிய அளவில், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது என்றதில் வைசேடிகர் சரி. கூட்டி வைக்கும் வேலைக்கு வினைப்பயன் தேவைப்படவில்லை. நுண்தூளின் பெரும் மேற்பரப்பு தன்னைக் குறைத்துக்கொள்ளத் துடிக்கிறது, வெப்பம் வழிவிடுகிறது.

ஆனால் வலிமை என்று வரும்போது இரு தரப்பின் விடையும் போதவில்லை.

எடை எளிது. பகுதிகளின் எடையைக் கூட்டினால் முழுமையின் எடை கிடைத்துவிடும். இரு தரப்பும் சொன்னபடி முழுமை பகுதிகளிலிருந்து வேறான தனிப்பொருள் என்றால் தராசுத் தட்டு ஏன் கூடுதலாகத் தாழவில்லை என்று பௌத்தர்கள் கேட்டது நியாயமே. விறைப்பும் பெருமளவு கலவை விகிதத்தின்படியே உயர்கிறது. எஃப்-16 போர் விமானத்தின் வால்பகுதிக்குக் கீழுள்ள துடுப்புகள் காற்றின் அலைப்பில் சேதமடைந்தபோது, பழைய அலுமினியத் தகட்டுக்குப் பதிலாக 17.5 சதவீதம் சிலிக்கான் கார்பைடு கலந்த, தூளிலிருந்து ஆக்கிய தகட்டைப் பொருத்தினார்கள். அலுமினியத்தின் விறைப்பு 70 கிகா பாஸ்கல். இந்தக் கலப்பில் அது 100ஐ ஒட்டி ஏறுகிறது, எடையோ அதிகம் கூடுவதில்லை.

வலிமை அப்படிக் கணக்குக்குள் அடங்குவதில்லை. சூட்டிலிருந்து ஆறும்போது அலுமினியம் சிலிக்கான் கார்பைடைப்போல் ஐந்து மடங்கு வரை சுருங்குகிறது. கடினத் துகளைச் சுற்றியுள்ள உலோகம் இந்தப் பிணக்கைத் தாங்காமல், தன் படிக அடுக்கில் ஏராளமான பிசகுகளை உண்டாக்கிக்கொள்கிறது. பிசகு என்பது அணுவரிசை ஒன்று பாதியில் முடிந்துபோன இடம். உலோகம் வளைவதும் நெளிவதும் இப்பிசகுகள் நகர்வதால்தான் என்று டெய்லர், ஒரோவன், பொலானி மூவரும் 1934இல் தனித்தனியே கண்டு சொன்னார்கள். சில பிசகுகள் இருந்தால் உலோகம் இளகிக் கொடுக்கும். மிகுந்துவிட்டால் ஒன்றையொன்று மறித்துச் சிக்கிக்கொள்ளும், உலோகம் முறுக்கேறும். கலப்புக்குள் இருக்கும் அலுமினியம், தனியே இருந்தபோது இருந்த அலுமினியம் அல்ல. எந்த அணுவும் மாறவில்லை. பகுதி மட்டும் மாறிவிட்டது.

இங்கே வைசேடிகரின் இன்னொரு சிந்தனை பெரிதாகத் தெரிகிறது. பிற்கால வைசேடிகர் உள்ளவற்றை ஏழு பதார்த்தங்களாக வகுத்தபோது, பகுதியையும் முழுமையையும் பிணைக்கும் சமவாயத்தைத் தனிப் பதார்த்தமாக எண்ணினார்கள். அபாவத்தையும், அதாவது இன்மையையும், ஏழாவதாகச் சேர்த்தார்கள். இல்லாததை எப்படி உள்ளவற்றின் பட்டியலில் வைப்பது என்று எதிர்த்தவர்கள் பலர். முடிந்துபோன ஓர் அணுவரிசையும் மூடாத ஒரு துளையும் ஒரு தகட்டின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்றால், அவற்றை ஒன்றுமில்லாதவை என்று தள்ளுவது கடினம். சமவாயத்தை நித்தியம் என்றது மட்டும் இங்கே பொருந்தாது. அலுமினியத்துக்கும் சிலிக்கான் கார்பைடுக்கும் இடையிலான பிணைப்பு ஆக்கப்படுவது, கெடக்கூடியது. உருகிய அலுமினியம் சிலிக்கான் கார்பைடை நெடுநேரம் தொட்டிருந்தால் அலுமினியம் கார்பைடு விளைந்து அந்த எல்லை நொறுங்கும் தன்மை அடைகிறது. உருக்காமல் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே விகிதத்தில் கலந்த இரண்டு கட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் துகள்கள் பரவலாகக் கிடக்கின்றன. மற்றொன்றில் அலுமினியத் தூள் பருமனாகவும் கார்பைடு துகள்கள் மிகச் சிறிதாகவும் இருந்ததால், அவை தூள் இடுக்குகளில் குவிந்துவிட்டன. 600 டிகிரியில் கார்பைடும் கார்பைடும் ஒட்டாது. குவியலுக்குள் துளை மிஞ்சுகிறது, இழுக்கும்போது விரிசல் அங்கேதான் தொடங்குகிறது. முதல் கட்டி ஓரளவு நீண்ட பிறகு அறுகிறது. இரண்டாவது நீளாமலே முறிகிறது. பகுதிகளின் பட்டியலை மட்டும் வாசிப்பவருக்கு இரண்டும் ஒரே பொருள்.