எளிமையைப் பற்றி யார் பேசுவது?

ஆவடியில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். தோழர் ஒருவர் கேட்டார்: "உங்க அக்கா பொண்ணு வெளிநாட்டுல ஒன்றரை லட்சம் குடுத்து ஒரு கைப்பை வாங்கியிருக்காமே. இதுக்குத்தானா தோழர் நாம இத்தன வருஷம் பேசினோம்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

நடந்தது இதுதான். அவள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். கம்பெனி மூன்று வாரம் ஜெர்மனிக்கு அனுப்பியது. ஒரு சனி, ஞாயிறில் கூட வேலை செய்கிறவர்களோடு இத்தாலியில் இருக்கிற மிலான் நகரத்துக்குப் போனாள். அங்கே சுற்றுலா போகிறவர்கள் பேராலயத்தைப் பார்த்த கையோடு கடைவீதிக்குத்தான் போகிறார்கள். பக்கத்திலேயே கண்ணாடிக் கூரை போட்ட கலேரியா. பிராடா கம்பெனி தன் முதல் கடையை 1913ல் அங்கேதான் திறந்தது. தோல் பைகளும் பெட்டிகளும் விற்கிற கடை. கொஞ்சம் நடந்தால் மோண்டேநப்போலியோனே வீதி. 2024ல் எடுத்த ஒரு கணக்கில் உலகத்திலேயே கடை வாடகை அதிகமான தெரு அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பங்கு திரும்பிவரும். வாங்கு வாங்கு என்று அரசாங்கமே கூப்பிடுகிற மாதிரி.

"வாசல்ல கயிறு கட்டி, கோட்டு போட்ட ஆள் நிக்கிறான் மாமா. ஒவ்வொருத்தரா உள்ள விடுறான். உள்ள ஒரு பொண்ணு கையில கிளவுஸ் மாட்டிக்கிட்டுதான் பையைத் தொட்டு எடுத்துக் காட்டுது" என்றாள்.

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. பூந்தமல்லி பக்கம் ஒரு கிராமம். ஊரில் மாடு செத்தால் அவர்தான் இழுத்துவர வேண்டும், உரிக்க வேண்டும். பச்சைத்தோலை உப்பு போட்டுவைத்து, பெரியமேட்டுத் தோல் மண்டிக்குக் கொண்டுபோகிற வியாபாரியிடம் விற்பார். அவர் கையில் யாரும் காசைக் கொடுக்கமாட்டார்கள். கீழே போடுவார்கள், பொறுக்கிக்கொள்ள வேண்டும். அத்தனை தோல் உரித்தவர் காலில் செருப்பு கிடையாது. ஒரே ஒருமுறை வாங்கினாராம். அதையும் ஊர்த்தெரு வந்ததும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாராம். அம்மா சொல்வாள். அந்தத் தோல் பதமாகி, பளபளப்பாகி, எந்தெந்த வீட்டுக்கெல்லாமோ போனது. அதற்குத் தீட்டு இல்லை. தொட்ட கைக்குத்தான் தீட்டு. மிலானில் வெள்ளைக் கையுறை மாட்டுகிறார்கள். அங்கேயும் கைதான் அழுக்கு.

தோழரின் கேள்விக்கு வருகிறேன். ஆடம்பரம் கூடாது, எளிமைதான் ஒழுக்கம் என்பது அவர் கட்சி. நானும் இருபது வருஷம் மேடையில் அதைத்தான் பேசினேன். ஆனால் எளிமை யாருடைய ஒழுக்கம்? 1921 செப்டம்பரில் காந்தி மதுரையில் சட்டையைக் கழற்றிப் போட்டு முழத்துண்டுக்கு மாறினார். துணி வாங்க வழியில்லாத ஏழைகளை நினைத்துத்தான் செய்தார், அதை நான் மறுக்கவில்லை. ஒன்பதே வருஷம் கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து இராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். தங்கம், வெள்ளி கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியபோது குடிசைகளைக் கொளுத்தினார்கள். காந்தி கழற்றியது அவருடைய சட்டை. நம் ஆட்களிடம் கழற்றிப்போடச் சட்டை இருந்ததா? போட்டுக்கொண்டாலே அடி. போட முடிந்தவன் போடாமல் இருந்தால்தான் அது எளிமை. நமக்கு அது தண்டனையாக வந்தது. நம் சேரிகளில் நிற்கிற அம்பேத்கர் சிலைகளைப் பாருங்கள். கோட்டு இல்லாமல் ஒரு சிலை உண்டா?

அதனால் என் அக்கா பெண்ணிடம் "நமக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த 'நமக்கெதுக்கு'வைச் சொல்லிச் சொல்லித்தான் நம்மை வைத்திருந்தார்கள்.

ஆனால் இதோடு பேச்சை முடித்துக்கொண்டால் அது எனக்குச் சௌகரியமான பதில். அக்கா இருக்கிறாளே.

அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் இருந்தாள். காலையில் ஆவடியில் ரயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கினால், பெட்டிக்குப் பெட்டி பெண்கள்தான் இறங்குவார்கள். பிசிறு வெட்டுவதில் ஆரம்பித்து, பிறகு செக்கிங், கடைசியில் பேக்கிங். விலைச் சீட்டைக் கட்டுவதும் அவள்தான். ஒருநாள், 2005 வாக்கில், "கோடு போட்ட ஈ மாதிரி ஒண்ணு இருக்குதே, அது என்னடா?" என்று கேட்டாள். யூரோ என்றேன். அவள் சொன்ன 59ஐ ரூபாயில் கணக்குப் போட்டேன். அக்காவின் ஒரு மாதச் சம்பளம் அந்த ஒரு சட்டைக்குப் போதாது. சாயந்திரம் கேட்டில் வரிசையாக நிறுத்தி, சாப்பாட்டுப் பையைத் திறக்கச் சொல்லி, உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். மாதவிலக்கு நாளிலும்தான். அதை அக்கா அழுதுகொண்டு சொன்னது ஒரே ஒருமுறை.

மிலானிலும் கேட்டுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்கள். 2024 ஜூனில் அந்த ஊர் நீதிமன்றம், தியோர் கம்பெனிக்குப் பை செய்யும் துணை நிறுவனம் ஒன்றைத் தன் கண்காணிப்பில் வைத்தது. வேலையை வெளியே சீனத் தொழிலாளர்கள் உள்ள பட்டறைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே பட்டறையிலேயே தூங்கி எழுந்து, ராத்திரியும் வேலை. தோல் விலை சேர்க்காமல் ஒரு பையைத் தைத்துத் தரப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. கடையில் அது 2,600 யூரோ. 2025ல் கண்காணிப்பை நீக்கிவிட்டார்கள்.

அதே 2025 ஜூனில் பிராடா மிலான் மேடையில் ஒரு தோல் செருப்பைக் காட்டியது. பார்த்ததும் நம் ஊரில் கண்டுகொண்டார்கள், கோலாப்பூர் செருப்பு. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தோல் வேலை செய்யும் தலித் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. 2019ல் புவிசார் குறியீடும் வாங்கியது. மேடையில் கோலாப்பூர் என்ற பேரே இல்லை. சத்தம் கிளம்பிய பிறகு கம்பெனி ஒத்துக்கொண்டது. டிசம்பரில் அந்த இரண்டு மாநிலத் தோல் வளர்ச்சிக் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2,000 ஜோடி இங்கேயே செய்வதாக அறிவித்தார்கள். ஜோடி சுமார் 800 யூரோ. நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நூற்றாண்டுக்கணக்காக அந்தக் கைகளுக்கு இல்லாத மதிப்பு, மிலான் மேடையில் வெள்ளைக்காரன் காலில் ஏறிய பிறகுதான் வந்தது. அப்புறம்தான் நம் செய்தித்தாளுக்கும் கோபம் வந்தது.

பை வந்த அன்று ராத்திரி அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு உள்பக்கத்தைப் புரட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஓரத்துத் தையலை விரல் நகத்தால் எண்ணினாள். பழைய செக்கிங் பழக்கம். "நல்லாத் தச்சிருக்காங்க. இன்ச்சுக்கு ஒண்ணு கூடக் குறையல" என்றாள். மகளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். "உனக்குத்தாம்மா வாங்கினேன், நீ வெச்சுக்க" என்றாள்.

அக்கா தையலை விட்டு நிமிரவில்லை. "ஏம்மா, இதத் தச்ச பொண்ணு சாயந்திரம் வீட்டுக்குப் போவசொல்ல, அவ பையத் தொறந்து காட்டச் சொல்லுவாங்களா?"

"தெரியலம்மா" என்றாள் அவள்.

அக்கா பையை மூடி அலமாரியில் வைத்தாள். போன வாரம் பூந்தமல்லிப் பக்கம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். காலில் செருப்பு, தோளில் அந்தப் பை, உள்ளே வெற்றிலைப் பொட்டலமும் மாத்திரையும். தாத்தா நடந்த தெருவில் அக்கா மெதுவாகத்தான் நடந்தாள். மூட்டுவலி என்றாள்.