யாருடைய உயிரைக் கொடுத்து?

1945ஆம் ஆண்டின் முற்பாதியில் ஜப்பானிய நகரங்கள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன. மார்ச் 9ஆம் தேதி இரவு வந்த அமெரிக்க பி-29 விமானங்கள், பொழுது விடிவதற்குள் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைக் கொன்றுவிட்டுப் போயின. ஒசாகா, நகோயா, கோபே என்று வரிசையாகத் தீக்குண்டுகள் விழுந்தன. ஹிரோஷிமாவில் மட்டும் அந்த அளவில் எதுவும் நடக்கவில்லை. இவ்வளவு பெரிய ஊரை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று அங்கிருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

விடை, அமெரிக்காவின் இலக்குத் தேர்வுக் குழுவிடம் இருந்தது. புதிய குண்டின் வலிமை உலகத்துக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். ஏற்கெனவே சிதைந்துபோன ஊர் அதற்கு உதவாது. மூன்று மைலுக்கு மேல் அகலமான, சேதமில்லாத நகரம் வேண்டும். அதற்காகவே ஹிரோஷிமா, கொக்குரா, நீகாத்தா ஆகிய ஊர்களைச் சாதாரணக் குண்டுவீச்சிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். கியோத்தோவும் பட்டியலில் இருந்தது. போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் பிடிவாதமாக நின்று அதை நீக்க வைத்தார்.

போரை முடிக்க அணுகுண்டு போட்டது சரிதானா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஒதுக்கிவைத்தல்தான். ஓர் ஊரை அழிப்பதற்காகவே அதுவரை அழியாமல் காத்து வைத்திருக்கிறார்கள். போரின் வெறியில், கண்மூடித்தனமாக நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. படித்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நிதானமாக யோசித்து எடுத்த முடிவு.

ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை நகரத்தின் நடுவே ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தீக்குண்டு விழுந்தால் நெருப்பு பரவாமலிருக்க, வீடுகளை இடித்து வெற்றிடம் உண்டாக்கும் வேலை. பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். 8.15க்கு, அயோய் பாலத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டு சற்று விலகி, ஷிமா மருத்துவமனைக்கு மேலே ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட கொரியர்கள் பல ஆயிரம் பேர் அதில் அடக்கம். பிடிபட்டுச் சிறையிலிருந்த அமெரிக்க விமானப்படையினர் பன்னிரண்டு பேரும்கூட.

ஹிரோஷிமாவில் ராணுவத் தலைமையகம் இருந்தது உண்மை. படைவீரர்களும் நிறையப் பேர் செத்தார்கள். ஆனால் விமானத்திலிருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட குறி, நகரின் நட்டநடுவிலிருந்த ஒரு பாலம். ஊரின் ஓரத்திலிருந்த பெரிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் சேதமில்லாமல் தப்பின. ராணுவ இலக்கு என்று பிறகு சொல்லப்பட்ட விளக்கத்தை நான் நம்பாததற்கு இந்த ஒன்றே போதும்.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ளாமல் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. நவம்பர் 1ஆம் தேதி கியூஷு தீவில் அமெரிக்கப் படைகள் இறங்குவதாகத் திட்டம். அதற்குச் சற்று முன்புதான் ஒகினாவாவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் அவர்களைவிடப் பன்மடங்கு ஜப்பானியர்களும் செத்திருந்தார்கள். பொதுமக்கள் மட்டும் ஒரு லட்சம் அளவுக்கு இருக்கலாம். ஜப்பானின் பெருநிலத்தில் போர் நடந்தால் என்னவாகும் என்று யாரும் அஞ்சத்தான் செய்வார்கள். ஐரோப்பியப் போரில் காயம்பட்டு, அடுத்து ஜப்பானுக்கு அனுப்பப்பட இருந்த பால் ஃபஸல் என்ற அமெரிக்க எழுத்தாளர், அணுகுண்டுக்காகக் கடவுளுக்கு நன்றி என்று 1981இல் வெளிப்படையாகவே எழுதினார். உயிர் பிழைத்த இருபத்தொரு வயதுப் பையனின் நிம்மதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்டிம்சன் 1947இல் எழுதிய கட்டுரையில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பலியாகவோ காயமடையவோ நேர்ந்திருக்கும் என்றார். 1945 ஜூனில் ராணுவத் திட்டக் குழு ஒன்று கொடுத்த கணக்கில் சாவு நாற்பதாயிரம். நாற்பதாயிரமும் சின்ன எண் இல்லை.

இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. மேற்கத்திய நூல்களில் அது அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அது வீட்டிலேயே கிடைத்தது.

என் தாத்தாவின் அண்ணன் மலாயாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். சம்பளம் உண்டு, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் பலரை அழைத்தார்கள். வராதவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. காடும் மலையும் மழையுமான அந்த வழியை 1943 அக்டோபருக்குள் முடித்துவிட்டார்கள். காலரா, மலேரியா, அழுகிப்போன கால்புண், பட்டினி, அடி. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்குச் சயாமின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. ஆசியக் கூலிகள் அதைப் போலப் பல மடங்கு செத்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. காலராக் கொட்டகையோடு சேர்த்து எரித்த கதைகளை மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பெரிய தாத்தா உயிரோடு திரும்பினார். மரவள்ளிக்கிழங்கை மட்டும் சாகும்வரை வாயில் வைக்கவில்லை. அணுகுண்டு பற்றி அவரிடம் கேட்டபோது ஒரே வரிதான் சொன்னார்: “அவன் தலையில குண்டு விழுந்துச்சு, நாங்க ஊரு வந்து சேர்ந்தோம்.”

அவருக்கு என்ன பதில் சொல்வது? போர் இன்னும் ஆறு மாதம் நீண்டிருந்தால் மலாயாவில் மீண்டும் சண்டை நடந்திருக்கும். பிரிட்டிஷ் இந்தியப் படை செப்டம்பரில் அங்கே கரையிறங்கத் தயாராக இருந்தது. சீனாவில், வியட்நாமில், ஜாவாவில் மாதாமாதம் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாவுகளை விட்டுவிட்டு ஹிரோஷிமாவை மட்டும் எண்ணினால் அது நியாயமான கணக்கே ஆகாது. பல ஆண்டுகள் இந்த இடத்திலேயே என் யோசனை நின்றுபோயிருந்தது.

வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டியபோது, குண்டுதான் போரை முடித்தது என்பதே அவ்வளவு உறுதியான சங்கதி இல்லை என்று தெரிந்தது. ஜூலையிலேயே ஜப்பான் மாஸ்கோ வழியாகச் சமரசம் பேச முயன்றுகொண்டிருந்தது. அந்தத் தந்திகளை அமெரிக்கா படித்துக்கொண்டும் இருந்தது. பேரரசர் பதவி நிலைக்குமா என்பதே ஜப்பானியர்களின் பெருங்கவலை. பேரரசர் பரம்பரை தொடரலாம் என்ற பொருளில் ஒரு வரி, ஜப்பானைச் சரணடையக் கோரிய போட்ஸ்டாம் அறிக்கையின் வரைவில் இருந்தது. வெளியிடுவதற்கு முன் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு நகரங்கள் எரிந்த பிறகு பேரரசரை அரியணையில் விட்டுவைக்கச் சம்மதித்தார்கள். ஹிரோஹிட்டோ 1989 வரை பேரரசராகவே வாழ்ந்து இறந்தார். முதலிலேயே கொடுத்துப் பார்த்திருக்கக்கூடிய வாக்குறுதி அது.

கொடுத்திருந்தால் உடனே பணிந்திருப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் 9ஆம் தேதி, ஹிரோஷிமா அழிந்து, சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்த பிறகும், ஜப்பானின் உச்சப் போர்க்குழுவிலிருந்த ஆறு பேரில் மூன்று பேர் கூடுதல் நிபந்தனைகள் இல்லாமல் சரணடைய ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ராணுவம் தன் மக்களையும் பலி கொடுக்கத் தயங்காத ராணுவம். ஆனாலும் கதவைத் தட்டியே பார்க்காமல் வேறு வழியில்லை என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த விஞ்ஞானிகளிலேயே ஒரு பகுதியினர், ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில், மனிதர் இல்லாத இடத்தில் வெடித்துக் காட்டுங்கள் என்று ஜூனில் அறிக்கை கொடுத்தார்கள். அதே திட்டத்திலிருந்த லியோ சிலார்ட் ஜூலையில் கையெழுத்து வாங்கி மனு எழுதினார். ஓப்பன்ஹைமர் உள்ளிட்ட நான்கு விஞ்ஞானிகளின் ஆலோசனைக் குழு, வெறும் செய்முறைக் காட்சியால் போர் முடியும் என்று தங்களுக்குத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டது.

நாகசாகியைப் பற்றிப் பேசும்போது என்னால் இந்த அளவு நிதானம் காட்ட முடியவில்லை. ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்று டோக்கியோவுக்குச் சரியாகப் புரிவதற்குக்கூட மூன்று நாள் போதாது. ஆறு பேரும் சரணடைவதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த அதே முற்பகலில், 11.02க்கு, இரண்டாவது குண்டு வெடித்தது. முதலில் குறித்த ஊர் கொக்குரா. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஒளிந்து வழிபட்டு உயிர்பிழைத்த கத்தோலிக்கர்களின் உரக்காமி பள்ளத்தாக்கு அன்று எரிந்தது. ஆண்டிறுதிக்குள் சுமார் 70,000 பேர் இறந்தார்கள். இந்த இரண்டாவது குண்டுக்கென்று யாரும் தனியாக முடிவு எடுக்கவில்லை. குண்டுகள் தயாராகத் தயாராகப் போட்டுக்கொண்டே போகலாம் என்று ஜூலை 25ஆம் தேதி உத்தரவிலேயே இருந்தது. நாகசாகி எரிந்த மறுநாள்தான் அமெரிக்க அதிபர் ட்ரூமன் நிறுத்தச் சொன்னார். இன்னொரு லட்சம் பேரைக் கொல்வதை, அதிலும் குழந்தைகளைக் கொல்வதை, அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று அமைச்சரவையிலிருந்த ஹென்றி வாலஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நான்கு நாட்களுக்கு முன்பும் அவர்கள் குழந்தைகள்தானே?

சரி, வாதத்துக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்போம். குண்டுதான் போரை முடித்தது, லட்சக்கணக்கான உயிர்கள் அதனால் தப்பின, பெரிய தாத்தா வீடு வந்ததும் அதனால்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது சரியாகிவிடுமா?

ஆகாது என்பதே என் பதில். எதிரிப் படையைத் தாக்கும்போது பக்கத்திலிருக்கும் அப்பாவிகள் சாவது போரின் துயரம். சில நேரம் குற்றமும்கூட. ஹிரோஷிமாவில் நடந்தது அந்த வகையில் சேராது. அங்கே அப்பாவிகள் சாக வேண்டும் என்பதுதான் திட்டம். டோக்கியோவில் இருந்த ஆறு பேரை மிரட்டுவதற்கு ஓர் ஊர் மக்களின் சாவைக் கருவியாகப் பிடித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1956இல் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க முனைந்தபோது, எலிசபெத் ஆன்ஸ்கம் என்ற இளம் தத்துவ ஆசிரியை எழுந்து எதிர்த்தார். நோக்கம் எதுவானாலும், அப்பாவிகளைக் கொல்வதையே வழியாகத் தேர்ந்தெடுப்பது கொலை என்பது அவர் வாதம். அவரோடு நின்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பட்டம் கொடுக்கப்பட்டது.

அவர் வாதத்தைப் படித்தபோதுதான் சயாம் ரயில்பாதை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அந்தப் பாதையைத் திட்டமிட்ட ஜப்பானிய அதிகாரியிடமும் ஒரு கணக்கு இருந்திருக்கும். பர்மா முனைக்குச் சரக்கு சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஜப்பானியச் சிப்பாய்கள் பிழைப்பார்கள், போர் சீக்கிரம் முடியும். அதற்கு ஆகும் செலவு தோட்டத்துக் கூலிகளின் உயிர். அவர்கள் நம் ஆட்கள் இல்லையே! ஆக்கிரமிக்க வந்தவன் செய்ததும் ஆக்கிரமிப்பை முடிக்க வந்தவன் செய்ததும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒருவனுடைய காரணம் கேடானது, மற்றவனுடைய காரணம் நியாயமானது. ஆனால் காரியம் நடக்க வேண்டும் என்றால் அடுத்தவன் பிள்ளையை எடுத்துச் செலவழிக்கலாம் என்ற இடத்தில் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. பெரிய தாத்தாவின் கூட்டாளிகளைக் காட்டில் சாகவிட்ட அந்தக் கணக்கை வைத்தே, அவர் பிழைத்ததை நான் நியாயப்படுத்த முடியாது. அவர் திரும்பி வந்தது எங்கள் குடும்பத்தின் பாக்கியம். அதற்கு வீடு இடித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விலையாகக் கொடுக்க அவருக்கோ எனக்கோ ட்ரூமனுக்கோ உரிமை இல்லை.

இது பழைய கதை இல்லை. 1998 மே மாதம் பொக்ரானில் குண்டுகள் வெடித்த செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் பட்டாசு வெடித்து மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு 2003இல் அரசு தன் அணுக்கொள்கையை அறிவித்தது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி அதில் இருக்கிறது. அது நல்ல உறுதி, அதைக் கைவிடக் கூடாது. ஆனால் தாக்கப்பட்டால் எதிரி தாங்க முடியாத அளவுக்குப் பெரும் பதிலடி தருவோம் என்றும் அதே கொள்கை சொல்கிறது. தாங்க முடியாத அழிவு யாருக்கு நேரும்? லாகூரிலும் கராச்சியிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத்தான். பாகிஸ்தானின் குண்டுகள் தில்லிக்கும் மும்பைக்கும் அதையே வைத்திருக்கின்றன. அணு ஆயுதங்களை முற்றிலும் தடைசெய்யும் ஒப்பந்தத்துக்கு 2017இல் ஐக்கிய நாடுகள் சபையில் 122 நாடுகள் வாக்களித்தன. 2021 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் அதில் கையெழுத்திடவில்லை, இந்தியாவும் சேர்த்து.

ஹிரோஷிமா தவறு என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அப்படி நினைக்கிறவர்கள், நம் பெயரால் நாளை எரிக்கப்படக்கூடிய ஊரைப் பற்றியும் இன்றே பேச வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் தண்ணீரையும் சாலையையும் கேட்கும்போது, இந்தியா அந்த ஒப்பந்தத்தில் எப்போது சேரும் என்பதையும் கேளுங்கள்.