காவல் இல்லாத பெட்டி

ஒருவர் சிறு பெட்டியொன்றை எங்கோ மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் மட்டும் அறிவிக்கிறார். முன்பின் அறியாத இன்னொருவர் தேடி வந்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரை எழுதி, இருந்தபடியே மூடி வைத்துவிட்டுப் போகிறார். ஜியோகேஷிங் எனும் இந்த விளையாட்டு, 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் மறைத்து வைத்த ஒரு வாளியில் தொடங்கியது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டு வந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது அதற்கு முந்தைய நாள்தான். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. பூட்டும் இல்லை, காவலும் இல்லை. வருகிறவர் எடுத்துக்கொண்டு போனால் கேட்க ஆளில்லை. ஆனாலும் விளையாட்டு நிலைத்திருக்கிறது. நம்பி விடப்பட்டதைக் காத்து இதைத் தாங்கி நிற்கும் பண்புக்கு நம் ஊரில் பழகிய பெயர் உண்டு: அமானிதம்.

அந்தப் பண்பு கூர்மையாகச் சோதிக்கப்படும் இடம், கடல் வற்றும்போது மட்டும் நடந்து போகக்கூடிய சிறு தீவு. வெலிகமக் கரையருகே உள்ள தப்ரபேன் தீவு அப்படிப்பட்டது. இலங்கைக் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சொற்ப உயரமே வழியைத் திறக்கிறது, மூடுகிறது. பெட்டி எங்கே என்பதைச் செய்மதி சில மீற்றருக்குள் காட்டிவிடும். எப்போது இறங்கலாம், தென்மேற்குக் காற்றில் அலை எப்படி மாறும் என்பதைக் கரையில் வலை பொத்துகிறவரிடம்தான் கேட்க வேண்டும். பிறை பார்த்து மாதம் எண்ணும் நமக்கு, அமாவாசையிலும் பூரணையிலும் கடல் கூடுதலாக வற்றிப் பெருகும் என்பது எளிதில் விளங்கும். ஆக, தேடிப் போகிறவர் கடலின் நேரத்துக்கும் கரை மக்களின் அறிவுக்கும் பணிந்தே போக வேண்டியிருக்கிறது.

இது வேலையற்றவர் விளையாட்டு என்பார்கள். கேட்டறிந்து, காத்திருந்து, கண்டதை விட்டுவிட்டு வரப் பழக்கும் ஒன்றை வீண் என்று நான் சொல்லமாட்டேன். இன்னொரு மறுப்பு கனமானது. மூன்று தசாப்த யுத்தத்தையும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளையும் கண்ட அம்பாறைக் கரையில், உரிமையாளர் தெரியாத பொதியைத் தொடாதே என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்த எச்சரிக்கை சரியானது. இங்கே பெட்டி வைப்பது தவறு. ஆனால் 2004 இல் தொடங்கிய ‘எர்த்கேஷ்’ எனும் வடிவத்தில் பெட்டியே கிடையாது. வருகிறவர் பாறையையும் மணலையும் உற்றுப் பார்த்து, கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். பெட்டி போன பிறகும் அமானிதம் மிஞ்சுகிறது. இப்போது பாதுகாக்கப்பட வேண்டியது அந்த இடமே.

அதே அம்பாறை மாவட்டத்தின் வரிப்பத்தான்சேனை விவசாயிக்கு இது புதிய பாடமாக இராது. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் கடைசி வயலை நினைத்து நீரை விட்டால்தான் போகம் எல்லோருக்கும் விளையும். கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுப்போம்: பார், படி, இருந்தபடியே விட்டு வா, உனக்குப் பின்னும் ஒருவர் வருவார்.